தெர்மாகோல் கோபுரமும் தறிக்குழியும்

1

அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளின் 'நம்ம ஊர் வரலாறு' கண்காட்சி என்று காஞ்சிபுரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கிட்டத்தட்ட ஒரே கண்காட்சிதான். தெர்மாகோலில் வெட்டிய ஏகாம்பரநாதர் கோபுரம். சார்ட்டில் ஒட்டிய கைலாசநாதர் கோயில் படம், கீழே 'கட்டியவர் ராஜசிம்ம பல்லவன்'. பட்டுத்துணி ஓரத்தை வெட்டி ஒட்டி, 'உலகப் புகழ் பெற்ற காஞ்சிப் பட்டு'. அறிஞர் அண்ணா 1909இல் பிறந்த ஊர் என்று ஒரு படம். குடவோலைக்கு ஒரு மண்பானை. பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். வந்த பெரியவர்கள் தலையாட்டுவார்கள். முதல் பரிசு எந்தக் கோபுரம் உயரமோ அதற்கு.

நானும் பல வருஷம் இந்தக் கண்காட்சியை நடத்தியவள்தான். ஊரை விட்டுத் தள்ளி நின்று பேசவில்லை. ஒரு ஊராட்சிப் பள்ளியில் பாடம் நடத்தும் சேரிக்காரி, தெர்மாகோல் வாங்கப் பிள்ளைகளிடம் காசு கேட்டவள். அந்தக் காசைக் கொண்டுவர முடியாமல் ரெண்டு நாள் பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளையைப் பிறகு திட்டியவள். அதனால் இந்த விமரிசனத்தில் என் பங்கும் சேர்ந்தே வரும்.

இந்தக் கண்காட்சியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்போம். இதில் பதில் இருக்கிறது, கேள்வி இல்லை. 'ஆய்வு' என்று பேர். ஆனால் எந்தப் பிள்ளையும் எதையும் தேடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் படம் அச்சடித்துத் தருகிறார்கள். வாங்கி ஒட்டுகிறார்கள். தேடாதது ஆய்வா? போகட்டும், அதைவிடப் பெரிசு ஒன்று இருக்கிறது. இந்த வரலாற்றில் ராஜா இருக்கிறான், சாமி இருக்கிறது, சேலை இருக்கிறது. கல் சுமந்தவன் இல்லை. கோயிலுக்குள்ளே விடப்படாதவன் இல்லை. நாடா எறிந்தவன் இல்லை. கோபுரத்தை வெட்டி ஒட்டிய பிள்ளைக்கு, தன் பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் கோபுர வாசலைத் தாண்டியிருப்பானா என்று கேட்கத் தோன்றாதபடி அந்தக் கோபுரம் செய்து தரப்படுகிறது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவைப் பொதுவாக உறுதி செய்த சட்டம் வந்தது 1947இல். கைலாசநாதர் கோயிலுக்கு வயசு ஆயிரத்து முந்நூறு. இந்த ரெண்டு எண்ணையும் ஒரே சார்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் போதும், ஒரு பத்து வயசுப் பிள்ளைக்கு முதல் கேள்வி பிறந்துவிடும். எழுதவைப்பதில்லை.

2

இந்த ஊர்க் கல்லில் ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் வரலாற்றுப் பாடத்துக்கு அந்த ரெண்டு பிள்ளைகளும் முக்கியம்.

முதல் பிள்ளை வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரச் சிற்பத்தில் இருக்கிறான். பல்லவ வம்சத்தில் வாரிசு இல்லாமல் போனபோது, கிளைவழி ஒன்றிலிருந்து தேடிப்பிடித்துக் கொண்டுவந்து அரசனாக்கப்பட்ட பையன். அப்போது அவனுக்கு வயசு 12. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். தான் ராஜாவானது சரிதான் என்று சொல்வதற்காகத் தன் பரம்பரைக் கதையை வரிசை வரிசையாகக் கல்லில் செதுக்கிவைத்தான். ஆக, இந்த ஊரின் முதல் 'வரலாற்றுக் கண்காட்சி' அதுதான். அதுவும் ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டது. யார் செய்யச் சொன்னது, எதுக்குச் சொன்னது என்று கேட்காமல் எந்தச் சான்றையும் படிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

ரெண்டாம் பிள்ளை உத்திரமேரூரில் இருக்கிறான். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. பாடநூலிலிருந்து பாராளுமன்றம் வரைக்கும் 'உலகுக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர்' என்று பேசுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே உத்திரமேரூரைச் சொன்னார். அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது? ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். எடுத்த ஓலைக்காரர் வாரியத்தில் உறுப்பினர். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுமுறையும் நிற்கக்கூடாது என்ற விதி நல்ல விதி, இன்றைக்கும் வேணும். அதை மறுக்கவில்லை. ஆனால் தகுதி? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்கணும், இன்றைய கணக்கில் சுமாராக ஒன்றரை ஏக்கருக்கு மேல். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கணும். 921ஆம் வருஷக் கல்வெட்டுப்படி வயசு 35க்கு மேல் 70க்குள். வேதம் கற்றிருக்கணும். நிலம் அதில் பாதி இருந்தால்கூட, ஒரு வேதமும் அதன் பாஷ்யமும் தெரிந்தால் போதும். இது பிரமதேய ஊர். இந்தச் சபை பார்ப்பனச் சபை.

இந்தக் கதையில் பிள்ளை எங்கே வருகிறான்? குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பவன் ஒரு சின்னப் பையன். விவரம் தெரியாத பாலனைக்கொண்டு எடுக்கச் சொல்கிறது கல்வெட்டு. அவன் தகுதி ஒன்றே ஒன்று: அவனுக்கு ஒன்றும் தெரியாது. நம் பள்ளிக்கூடம் 'வரலாற்று ஆய்வு' என்ற பேரில் நம் பிள்ளைகளிடம் கேட்பதும் இதுதான். ஓலையை யாரோ எழுதிவிட்டார்கள். குடத்தை யாரோ வைத்துவிட்டார்கள். நீ கையை விட்டு எடு. என்ன எழுதியிருக்கு என்று கேட்காதே.

ஒரு வருஷம் நான் மண்பானை வைக்கவில்லை. தகுதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "உங்க வூட்டுல யாரு பேரு இந்தக் குடத்துக்குள்ள போவும்? ஆளாளுக்குப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் முதலில் எழுந்தது ஊர்த்தெருப் பையன். அவன் தாத்தாவுக்கு நிலம் நிறைய. "எங்க தாத்தாவுக்கு நெலம் கீது டீச்சர். வூடு கீது. வயசு அறுபத்தஞ்சு. வேதம் மட்டும் தெரியாது" என்றான். "அப்ப?" "அப்ப அவரும் கிடையாது." வகுப்பில் 23 பிள்ளைகள். அம்மாமார் பேர் ஒன்றும் போகவில்லை. ஆயாமார் பேர் போகவில்லை. கடைசியில் ஒரு பேரும் போகவில்லை. சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒன்றாகக் குடத்துக்கு வெளியே நின்றது அன்றைக்குத்தான். எனக்கு அது பெரிய நாள். சாதிப் பாடத்தைச் சேரிப் பிள்ளைக்கு மட்டும் நடத்தினால் அவன் கூனிப்போகிறான். எல்லாரும் சேர்ந்து தன்னைத் தேடிப் பார்த்தால் பாடம் வேற மாதிரி இறங்குகிறது.

அப்போது ஒரு பொம்பளைப் பிள்ளை கேட்டாள்: "அப்ப அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க இருந்தாங்களா, இல்லியா டீச்சர்?"

இதுதான் ஆய்வுக் கேள்வி. பத்து வயசில் வந்த கேள்வி. இதற்குப் பதில் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தேட வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, ஊர்களின் நிலத்தில் வரி போடாத இடங்களைக் கழித்துச் சொல்லும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பேர் சொல்லிக் கழிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னே நாம் இருந்தோம். கழிவுக் கணக்கில் இருந்தோம். அதை நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். இதைச் சொல்லலாமா, பிஞ்சு மனசு தாங்குமா என்று கேட்கிற ஆசிரிய நண்பர்கள் உண்டு. அந்தப் பிஞ்சு, பம்பில் தண்ணி பிடிக்கப் போகும்போது கற்றுக்கொண்டதைவிடப் பெரிசாக நான் எதையும் சொல்லிவிடவில்லை.

3

இனி, முற்போக்கான ஆசிரியர்கள் விரும்பிச் செய்யும் இன்னொரு வேலைத்திட்டத்துக்கு வருகிறேன். 'உன் குடும்ப மரத்தை வரை'. 'உன் தாத்தா பாட்டியைப் பேட்டி எடு.' கோபுரத்தைவிட இது மேல் என்று நினைத்துத்தான் நானும் செய்தேன். மையத்தை விட்டு விளிம்புக்கு வந்துவிட்டோம், வாய்மொழி வரலாறு வந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. செய்து பார்த்த பிறகுதான் அதில் உள்ள பள்ளம் தெரிந்தது.

ஊர்த்தெருப் பிள்ளை நாலு தலைமுறைப் பேரோடு வந்தான். கல்யாணப் போட்டோ கொண்டுவந்தான். பத்திரத்தின் நகல் கொண்டுவந்தான். சேரிப் பிள்ளை தாத்தா பேரோடு நின்றுவிட்டான். அதுவும் கூப்பிட்ட பேர். அந்தப் பேர் ஆண்டை வைத்தது. வகுப்பில் அதை வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். மரம் வரையச் சொன்னவள் நான். வேர் வெட்டப்பட்ட பிள்ளையைப் பார்த்து 'மரத்தை வரை' என்றால் அது எந்த வகையில் சமத்துவம்?

பேட்டி எடுக்கப் போன ஒரு பிள்ளை, கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு வந்தது. "ஆயா அடிச்சிட்டாங்க டீச்சர்." என்ன கேட்டாய் என்றேன். "நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப இன்னா வேலை செஞ்சன்னு கேட்டேன்." சாயங்காலம் அந்த ஆயாவைப் போய்ப் பார்த்தேன். "எம்மா, அத்தெல்லாம் எதுக்கு நோண்டுறீங்க? நாங்க பட்டது எங்களோட போவட்டும். நாளைக்கு இது பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லும், அதுங்க சிரிக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

மௌனத்தை உடை, மௌனத்தை உடை என்று நம் இதழ்களில் எழுதுகிறோம். அந்த மௌனத்துக்குள் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. யார் காதில் விழப்போகிறது என்று தெரியாத இடத்தில் நம் சனங்கள் வாய் திறப்பதில்லை. அது அறியாமை இல்லை, அனுபவம். வரலாற்றுப் பாடம் முதலில் செய்ய வேண்டியது, கேட்கிற காதைப் பழக்குவது. பேட்டி எடுக்க அனுப்புவதற்கு முன்பாகச் சிரிக்காமல் கேட்பது எப்படி என்று ஒரு வாரம் பாடம் நடத்தணும். நான் நடத்தவில்லை. தப்பு என் பேரில்தான்.

அதற்கப்புறம் குடும்ப மரத்தை நிறுத்திவிட்டேன். 'உன் குடும்பம்' என்பதற்குப் பதிலாக 'ஒரு பொருள்' என்று மாற்றினேன். ஒரு கிணறு. ஒரு தெரு. ஒரு தறி. ஒரு தட்டு. பொருளைப் பற்றிக் கேட்டால் யாரும் அறைவதில்லை. பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் தங்களைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள், அவர்கள் இஷ்டத்துக்கு, அவர்கள் விட்ட அளவுக்கு.

நிலத்தைப் பற்றிக் கேட்கப் போனவர்கள் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். "எங்களுக்கு வெள்ளக்காரன் குடுத்த நெலம் இருந்துச்சாம்" என்று ஒரு தாத்தா சொன்னதாக எழுதிவந்தான் ஒருத்தன். தாத்தா கதை விடுகிறார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இங்கேதான் ஆசிரியருக்கு வேலை. வாய்மொழி சொன்னதைக் காகிதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம். நம்ம காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. அதன் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010, 1010ஏ வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவருகிற கணக்கு. அந்த நிலத்தை மீட்கக் கரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேர் செத்தார்கள். தாத்தா கதை விடவில்லை. அவர் சொன்னதற்கு அரசாணை நம்பர் இருக்கிறது. அந்த நம்பரை எழுதிக் கொடுத்தபோது பையன் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனான், தாத்தாவிடம் காட்ட.

4

மூன்றாம் பிள்ளை கல்லில் இல்லை. தறியில் இருக்கிறான்.

காஞ்சிப் பட்டைப் பற்றிய சார்ட்டுகளில் மார்க்கண்டேய மகரிஷி வருவார், மல்பெரிப் பட்டு வரும், சூரத் ஜரிகை வரும், 'புவிசார் குறியீடு' வரும். கோர்வை வரும். ஆனால் கோர்வையை யார் போடுவது? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்யும்போது மூன்று நாடா ஓடணும். உடலுக்கு ஒன்று, ரெண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஊடை இழையும் ஊடை இழையும் ஒன்றை ஒன்று கவ்வணும். தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கிற ஒரே ஆளால் மூன்று நாடாவும் ஓட்ட முடியாது. ஒரு பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை எறியணும். வெகுகாலம் அந்த ஆள் ஒரு பிள்ளை. வீட்டுப் பிள்ளை இருந்தால் வீட்டுப் பிள்ளை. இல்லாவிட்டால் முன்பணம் கொடுத்து வாங்கிய பிள்ளை. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், வாரணாசியோடு காஞ்சிபுரமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் தலித்துகள். சட்டம் 1986லேயே இருந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016இல் திருத்தம் செய்து, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை 'உதவலாம்' என்று ஒரு சந்தும் திறந்துவைத்தார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் 'தறி' என்ற பொருளை எடுத்தான். அவன் அப்பா சின்ன வயசில் ஊருக்குள்ளே ஒரு தறிக்கார வீட்டில் கரை நாடா எறிந்தவர். நான் அவனுக்குச் சொன்னது மூன்றே விஷயம். ஒன்று, ஒருத்தர் சொன்னதோடு நிறுத்தாதே, அதே விஷயத்தை எதிர்ப்பக்கம் இருந்தவரிடமும் கேள். ரெண்டு, சொன்னதைச் சொன்னபடி எழுது, உன் கருத்தைத் தனியாக எழுது. மூன்று, தெரியாததைத் 'தெரியல' என்று எழுது, அதுக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

அப்பா சொன்னதாக அவன் எழுதிவந்தது: "ஏழு வயசுல போனேன். எங்க அப்பன் முன்பணம் வாங்கிட்டாரு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. விடியக்காலைல போனா வெளக்கு வெச்சப்புறம் வருவேன். தூக்கத்துல நாடாவ உட்டுட்டா தலையில கொட்டுவாங்க."

தறிக்கார வீட்டுப் பாட்டியம்மா இன்னும் இருக்கிறார். அவரிடமும் போனான். "எங்க புள்ளையாட்டம் வெச்சிருந்தோம். எங்க வூட்டுச் சோறுதான் துன்னான். நாங்க மட்டும் என்னா, முதலாளி கிட்ட கடன்லதான் இருந்தோம். பாவும் அவுருது, ஜரிகையும் அவுருது. கூலிதான் எங்களுது."

ரெண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுல யாரு டீச்சர் பொய் சொல்றாங்க?" என்று கேட்டான். நம்மில் பல பெரியவர்கள், எழுத்தாளர்கள் உட்பட, இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறோம். யார் பொய், யார் மெய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். நான், "பொய் சொல்றாங்கன்னு இல்லடா. ரெண்டு பேரும் எங்க எங்க உக்காந்திருந்தாங்கன்னு கேட்டுப் பாரு" என்றேன். தறியில் யார் எந்தப் பக்கம் என்பதைத்தான் நினைத்துச் சொன்னேன். அவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டு போய், அப்பாவிடம், "அவங்க வூட்டுச் சோறு எங்க உக்காந்து துன்ன?" என்று கேட்டிருக்கிறான்.

"திண்ணையில. தட்டு தனி. கழுவிக் கவுத்துட்டு வரணும்."

அவ்வளவுதான். பாட்டியம்மா சொன்னது பொய் இல்லை. சோறு போட்டது நிஜம். 'எங்க புள்ளையாட்டம்' என்பதில்தான் பிசகு. அந்தக் கை பட்ட பட்டுக்குத் தீட்டில்லை. அந்தப் பட்டு கல்யாண மேடைக்குப் போகும், கோயில் கருவறைக்குப் போகும். அந்தக் கை பட்ட தட்டுக்குத்தான் தீட்டு. சாதியைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். ஒரு பத்து வயசுப் பையன் கேட்ட ஒரு கேள்வி அதன் மர்மத்தை இவ்வளவு சின்ன இடத்தில் வெளிக்கொண்டுவந்ததைப் பார்த்ததில்லை. முதலாளி மேலே, தறிக்காரர் நடுவே, பையன் கீழே என்று ஏணி ஒன்று வரைந்து, முதலாளிக்கு மேலே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். 'தெரியல' என்றும் எழுதியிருந்தான்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கண்காட்சி அன்றைக்கு அந்த நோட்டையும் வைத்தோம். அப்பா பேரும் பாட்டியம்மா பேரும் இல்லாமல். அப்பா அப்படித்தான் கேட்டுக்கொண்டார். காலையில் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருத்தர், "ஊர் பேரைக் கெடுக்கிற மாதிரி இருக்கே டீச்சர், சின்னப் பசங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் நகர்ந்ததும் நான் அந்த நோட்டை எடுத்து, திண்ணைப் பக்கத்தை மூடி, தறிப் படம் வரைந்த பக்கத்தைத் திறந்து வைத்தேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. என் கையே செய்தது. பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கத்த யாரும் பாக்கக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டான். நான், "காத்துல தெறந்துக்குது, அதான்" என்று என்னமோ சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அந்தப் பக்கம் மூடியே இருந்தது.

தெர்மாகோல் கோபுரத்தை விமரிசனம் செய்வது சுலபம். அந்தக் கோபுரம் என் கைக்குள்ளேயும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

5

சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பேர் சொல்கிறேன். முக்தா பாய். மாங் சாதிப் பெண். சோதிபா பூலேயும் சாவித்திரி பாயும் புனேயில் நடத்திய பள்ளியில் படித்தவள். 1855இல், பதினாலு வயசுக்குள், மகர், மாங் மக்களின் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' பத்திரிகை வெளியிட்டது. நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டது, கட்டிட அஸ்திவாரத்தில் எங்களை உயிரோடு புதைத்தது என்று தன் சனங்கள் சொல்லிவைத்ததை எல்லாம் சேர்த்து, வேதம் யாருக்கு, எங்கள் தர்மம் எது என்று கேட்டாள். படிக்க ஆரம்பித்துச் சில வருஷத்தில் எழுதியது. அது ஒரு பள்ளிப் பிள்ளையின் வரலாற்று ஆய்வு. அவளுக்குத் தெர்மாகோல் கொடுத்திருந்தால் ஒரு கோயில் செய்திருப்பாள்.

வெளியே பார்த்தால், 1978இல் ஸ்வீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் என்பவர், நீ நிற்கிற இடத்தைத் தோண்டு என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் போட்டார். தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வரலாற்றைத் தொழிலாளியே ஆராய்வது எப்படி என்பதுதான் விஷயம். சிமெண்டு ஆலையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதினார். முதலாளி எழுதுகிற கம்பெனி வரலாற்றில் தொழிலாளி இல்லை, தொழிலாளிதான் தன் வேலைக்கு நிபுணன் என்பது அவர் வாதம். பட்டின் வரலாற்றில் நாடா எறிந்தவன் நிபுணன் என்று நாம் சொல்வதும் அதுதான்.

கடைசியாக நம் பக்கத்தில் நடக்கிற ஒன்றையும் சொல்லணும். கோபுரத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கோபுரத்தை வைக்கிற ஆசை நமக்கும் இருக்கிறது. 'நாமும் ஆண்ட பரம்பரை' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காஞ்சிக்கு ஒரு பௌத்த வரலாறு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார். புத்தர் சிலைகள் இங்கே கிடைத்திருக்கின்றன. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழில் நம்மைப் பூர்வ பௌத்தர் என்று நிறுவ ஒரு பெரிய கதையாடலையே கட்டினார். அந்தக் கோபம், அந்தத் துணிச்சல் நமக்குச் சொத்து. ஆனால் அதை அப்படியே சார்ட்டில் எழுதி, பிள்ளையை ஒப்பிக்கவைத்தால் அதுவும் குடத்து ஓலைதான். எழுதியவன் மட்டும் வேறே. அயோத்திதாசரிடமிருந்து பிள்ளை கற்க வேண்டியது அவர் முடிவையல்ல. மற்றவன் எழுதிவைத்ததைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கலாம் என்ற அவருடைய தைரியத்தை. அப்படிப் படித்த பிறகு, அதற்கு என்ன சாட்சி என்று அவரையே கேட்கவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை வேணும். ராஜாவாக இருந்தால்தான் மரியாதை என்று சொல்லிக்கொடுத்தால், நாடா எறிந்த அப்பாவுக்கு அந்தப் பிள்ளை எப்படி மரியாதை தருவான்?

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு ஒரு பொருள். ஒரு கேள்வி. ரெண்டு சாட்சி, ரெண்டும் எதிர் எதிர்ப் பக்கம் இருந்தவை. முடிந்தால் ஒரு காகிதம்: ரேஷன் கார்டு, பழைய சேர்க்கைப் பதிவேட்டில் எந்த வருஷம் எத்தனை பேர் எந்த வகுப்பில் நின்றுபோனார்கள் என்ற எண்ணிக்கை, பேரும் சாதியும் நீக்கி. ஒரு 'தெரியல'. சொன்னவர் கேட்டால் பேர் எடுக்கப்படும். சொன்னவரிடம் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டணும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தெர்மாகோல் இல்லை, காசு இல்லை. பரிசும் இல்லை.

போன கண்காட்சியில் நோட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளையே பக்கத்தில் நிற்கவைத்தேன். எந்தப் பக்கம் திறந்திருக்கணும் என்பதை அவரவரே முடிவு செய்தார்கள். நான் வாசலில் நின்று வந்தவர்களுக்கு வழி சொன்னதோடு சரி. அந்தத் தறிப் பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். அவன் நோட்டு என் பீரோவில் இருக்கிறது. திருப்பித் தரணும்.